மோனார்க் கிரெஸ்ட்: 12,000 அடி உயரத்தில் ஒரு சைக்கிள் பாதை

கொலராடோ மாநிலத்தின் நடுப்பகுதியில், அமெரிக்க நெடுஞ்சாலை 50 ராக்கி மலைகளைக் கடக்கும் இடம் மோனார்க் கணவாய். கடல் மட்டத்திலிருந்து 11,312 அடி உயரத்தில் இருக்கும் இந்தக் கணவாயில் ஒரு பரிசுப்பொருள் கடையும், பக்கத்துச் சிகரத்துக்கு ஏறும் ஒரு சிறிய கம்பிவட ஊர்தியும் உண்டு. அங்கிருந்து தெற்கே புறப்படும் மோனார்க் கிரெஸ்ட் பாதை, முதல் சில மைல்களுக்குள்ளேயே மரங்கள் வளரும் எல்லையைத் தாண்டி ஏறக்குறைய 12,000 அடியைத் தொட்டு, மழைநீரைக் கிழக்காகவும் மேற்காகவும் பிரித்து அனுப்பும் நீர்ப்பிரிமேட்டின் முகட்டை ஒட்டியே மார்ஷல் கணவாய் வரை செல்கிறது. பிறகு சில்வர் கிரீக் பள்ளத்தாக்கில் இறங்கி, ரெயின்போ பாதை வழியாக நெடுஞ்சாலை 285-ஐ அடைந்து, தார்ச்சாலையில் பொன்ச்சா ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்கு வந்து சேர்வதுதான் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் முழுப் பயணம். எல்லாம் சேர்த்துச் சுமார் 35 மைல் வரும்; அதில் பெரும்பகுதி ஒற்றையடிப் பாதை.

தொடங்கும் இடத்தின் உயரத்தையும் முடியும் இடத்தின் உயரத்தையும் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது ஓர் இறக்கப் பயணமாகவே தோன்றும். வேனில் ஏறி மேலே போய், சைக்கிளில் உட்கார்ந்து கீழே வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வருபவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். உண்மையில், பாதை முழுவதும் சிறிதும் பெரிதுமாகச் சிதறிக் கிடக்கும் ஏற்றங்களைக் கூட்டினால் 3,000 அடிக்கு மேல் வரும். அவற்றில் பெரும்பாலானவை காற்று மெலிந்த உயரத்தில் இருக்கின்றன. டென்வர் பகுதியில் குடியிருப்பதால் கோடைதோறும் இந்தப் பாதைக்குப் போகும் வாய்ப்பு எனக்கு அமைகிறது. இங்கே ஒருவருடைய நாள் எப்படி முடியும் என்பதைத் தீர்மானிப்பவை கால் வலிமையும் வண்டி ஓட்டும் திறமையும் அல்ல, மூச்சையும் நேரத்தையும் அவர் எவ்வளவு சிக்கனமாகச் செலவிடுகிறார் என்பதுதான் என்பது என் கருத்து. கீழே எழுதியிருப்பவை அந்தக் கருத்தை ஒட்டிய விவரங்கள்.

முதலில் மூச்சு. 12,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 35 சதவீதம் குறைவு. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனின் அளவு அதே விகிதத்தில் குறைந்துவிடுகிறது. இதை உடல் ஓரளவு ஈடுகட்டுவதற்கே சில நாட்கள் வேண்டும். தாழ்ந்த ஊர்களிலிருந்து விமானத்தில் வருபவர்கள் மறுநாள் காலையிலேயே முகட்டில் நிற்பது நல்லதல்ல. குறைந்தபட்சம் இரண்டு இரவுகளாவது, 7,083 அடி உயரத்தில் இருக்கும் சலைடா நகரத்தில் தங்கி, அந்த ஊரை ஒட்டிய குன்றுகளில் இருக்கும் பாதைகளில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவது பயன் தரும். மேலே ஏறுவதற்கு முந்தைய இரவு மது அருந்துவதைத் தவிர்க்கச் சொல்வது உபதேசத்துக்காக அல்ல; உயரத்தில் ஏற்கெனவே கெடும் தூக்கத்தை அது இன்னும் கெடுத்துவிடும்.

அடுத்து நேரம். முகட்டின் கிழக்குச் சரிவில் காற்று கொண்டுவந்து குவிக்கும் பனி ஜூன் கடைசி வரையிலும், சில ஆண்டுகளில் ஜூலை தொடங்கிய பிறகும் பாதையை மறித்துக் கிடக்கும். பனி விலகும் அதே சமயத்தில் கொலராடோவின் பிற்பகல் இடிமழைக் காலம் தொடங்கிவிடுகிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் காலையில் ஒரு துளி மேகம் இல்லாத வானம், பதினொரு மணிக்கு வெண்மையாகத் திரண்டு, ஒரு மணிக்குக் கறுத்து இடிப்பது அன்றாட நிகழ்ச்சி. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத முகட்டில், சுற்றிலும் உயர்ந்து நிற்கும் பொருள் சைக்கிள் ஓட்டுபவரின் தலைக்கவசமாகத்தான் இருக்கும். ஆகவே நண்பகலுக்குள் மார்ஷல் கணவாயை அடைந்துவிட வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது என் வழக்கம். செப்டம்பரில் வானம் தெளிவாக இருக்கும், ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும், கூட்டமும் குறையும்; ஆனால் பகல் குறுகிவிடும், காலையில் பாதை உறைந்திருக்கும். நான் தேர்ந்தெடுப்பதானால் செப்டம்பரின் முதல் பாதியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பொன்ச்சா ஸ்பிரிங்ஸில் காரை நிறுத்திவிட்டு, சைக்கிள்களை ஏற்றிச் செல்லும் ஷட்டில் வேனில் மோனார்க் கணவாய்க்குப் போவது வசதியானது. வார இறுதி நாட்களுக்கு முன்கூட்டியே இடம் பதிவு செய்துவிட வேண்டும். காலை முதல் வேனில் இடம் கிடைக்காவிட்டால், பத்து மணி வேனில் போவதைவிட வேறொரு நாள் போவதே மேல். வேனில் ஏறுவதற்கு முன்பே ஒரு நல்ல காலை உணவும் அரை லிட்டர் தண்ணீரும் உள்ளே போயிருக்க வேண்டும், ஏனென்றால் உயரத்தில் பசியும் தாகமும் மந்தப்பட்டுவிடும். உடலுக்குத் தேவை இருந்தும் கேட்கத் தோன்றாது.

வண்டியைப் பொறுத்தவரை, முன்னும் பின்னும் அதிர்வுதாங்கிகள் உள்ள, 120 முதல் 140 மில்லிமீட்டர் வரை அமுங்கக்கூடிய சைக்கிள் இந்தப் பாதைக்குப் பொருத்தமானது. பந்தயங்களுக்கான மெலிந்த வண்டிகளில் முகட்டைச் சுகமாகக் கடந்துவிடலாம். சில்வர் கிரீக்கில் அதற்கான விலையைக் கொடுக்க நேரும். டயர் அழுத்தத்தைப் பற்றி ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது, ஏனென்றால் இதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. அழுத்தமானி காட்டுவது டயருக்குள் இருக்கும் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. கடல் மட்டத்துக்கு அருகில் உள்ள ஊரில் காற்றடித்து, அப்படியே காரில் கட்டிக் கொண்டுவந்தால், முகட்டில் அதே டயர் சுமார் 5 பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தை அளக்கும் அலகு) கூடுதலாகக் காட்டும். 23 பிஎஸ்ஐ வைத்துப் பழகியவருக்கு 28 என்பது கல்லில் துள்ளும் டயர். ஆனால் சலைடாவில் காற்றடித்தால் உயர வேறுபாட்டால் கூடுவது ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ. மேலே பத்து டிகிரி செல்சியஸ் குளிராக இருப்பதால் அதில் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அதனால் கீழே சரிபார்த்துவிட்டு மேலே தொடாமல் விட்டுவிடலாம்.

பையில் இருக்க வேண்டியவை: மூன்று லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலாடை, விரல்களை முழுவதும் மூடும் கையுறை, ஒரு டியூப், பம்ப், டியூப்லெஸ் டயரின் ஓட்டையை அடைக்கும் திரி, செயினை இணைக்கும் கண்ணி, பின்கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒன்று, சிறு முதலுதவிப் பொட்டலம். முகட்டில் தண்ணீர் கிடைக்காது. கீழே ஓடைகள் உண்டு, ஆனால் வடிகட்டாமல் குடித்தால் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி தொற்றும் ஆபத்து இருக்கிறது. சூரிய ஒளியைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் புற ஊதாக் கதிர்களின் வீச்சு பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, குளிர்ந்த காற்றில் தோல் எரிவது மாலையில்தான் தெரியும். தின்பண்டத்தில் என் பரிந்துரை கடலைமிட்டாய். குளிரில் சாக்லேட் கட்டிகள் பல்லை உடைக்கும் அளவுக்கு இறுகிவிடுகின்றன. கடலைமிட்டாய் எந்த உயரத்திலும் கடலைமிட்டாயாகவே இருக்கிறது.

பாதை தொடங்கியதும் வரும் முதல் ஏற்றம் நீளமானதல்ல, செங்குத்தானதும் அல்ல. ஆனால் நாளின் மிக முக்கியமான பகுதி அதுதான். வேனிலிருந்து இறங்கிய கூட்டம் ஒன்றாகப் புறப்படுகிறது, குளிர், உடல் சூடாகவில்லை, முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை விட்டுவிடக் கூடாது என்ற ஓர் உந்துதல் எல்லோருக்கும் வருகிறது. சமவெளியில் ஒரு நிமிடம் மூச்சிரைக்க மிதித்தால் அடுத்த நிமிடத்தில் சரியாகிவிடும். இங்கே அந்த ஒரு நிமிடத்தின் கடனை அடைக்கப் பத்து நிமிடம்கூட ஆகலாம்; அதற்குள் அடுத்த ஏற்றம் வந்துவிடும், கடன் மீது கடன் ஏறும். ஆகவே மிகச் சிறிய கியரில், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில், சீட்டில் உட்கார்ந்தபடியே ஏற வேண்டும். பேச்சு இரண்டு சொற்களுக்கு ஒருமுறை அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று பொருள். எழுந்து நின்று மிதிப்பதை நான் இந்தப் பாதையில் அடியோடு விட்டுவிட்டேன். மரவேரோ கல்லோ குறுக்கிடும் இடங்களில் இறங்கி நான்கு அடி தள்ளிக்கொண்டு போவது கௌரவக் குறைவு அல்ல. ஒரு படியை ஏறிக் கடப்பதற்குச் செலவாகும் மூச்சில் அரை மைல் ஓட்டிவிடலாம்.

காடு முடிந்து முகடு திறக்கும் இடத்தில், சாம்பல் நிறத்தில் நின்றபடியே செத்துப்போன ஸ்பிரூஸ் மரங்கள் சரிவு முழுவதும் தெரியும். பட்டைக்கடியில் துளைத்து வாழும் ஒரு வண்டினத்தின் வேலை அது. பலத்த காற்றடிக்கும் நாளில் அந்த மரங்களுக்கடியில் நின்று இளைப்பாறக் கூடாது. அதற்கு மேலே மரமே இல்லை. வடக்கே சவாட்ச் தொடரின் 14,000 அடிச் சிகரங்கள், தென்கிழக்கே சாங்ரே டே கிறிஸ்டோ தொடரின் நீண்ட வரிசை, தென்மேற்கே வெகு தொலைவில் சான் வான் மலைகள். இடப்பக்கம் விழும் மழை ஆர்கன்சா ஆற்றிலும் பின்னர் மிசிசிப்பியிலும் சேர்ந்து மெக்சிகோ வளைகுடாவை நோக்கிப் போகும். வலப்பக்கம் விழும் மழை கன்னிசன், கொலராடோ ஆறுகளின் வழியே கலிபோர்னியா வளைகுடாவை நோக்கிப் போகும். பாதை சில இடங்களில் இந்தக் கோட்டின் மேலேயே ஓடுவதால், சைக்கிளை நிறுத்திவிட்டு இரு பக்கமும் பார்க்காமல் யாராலும் போக முடிவதில்லை.

பாதையின் அகலம் இங்கே பெரும்பாலும் ஒரு முழம்தான். சரிவின் மேல்பக்கத்து பெடல் கல்லில் தட்டினால் வண்டி கீழ்ப்பக்கம் சாயும் என்பதால், குறுகலான இடங்களில் பெடலைச் சுழற்றாமல் மட்டமாக வைத்துக்கொண்டு உருண்டு போவது பாதுகாப்பு. பார்வை கீழ்ச்சரிவுக்குப் போனால் சக்கரமும் அங்கேதான் போகும். பார்வையைப் பத்தடி முன்னால் பாதையிலேயே வைத்திருக்க வேண்டும். இருபுறமும் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும் பசுமை புல் அல்ல. உள்ளங்கை அகலம் வளரவே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் மெத்தைச் செடிகள். பாதையில் சேறோ பனியோ குறுக்கிட்டால் இந்தச் செடிகளின் மீது சுற்றிப் போகாமல், இறங்கிச் சேற்றின் நடுவே நடந்து கடக்க வேண்டும். இதே பாதையைத்தான் நீண்ட தூர நடைபயணிகளும் பயன்படுத்துகிறார்கள். கான்டினென்டல் டிவைடு பாதையும் கொலராடோ பாதையும் இங்கே ஒன்றாகவே செல்கின்றன. நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் சைக்கிள் ஒதுங்க வேண்டும், ஏறி வரும் சைக்கிளுக்கு இறங்கி வரும் சைக்கிள் ஒதுங்க வேண்டும். குதிரை எதிர்ப்பட்டால் சரிவின் கீழ்ப்பக்கமாக ஒதுங்கி நின்று, சாதாரணக் குரலில் ஏதாவது பேசிக்கொண்டிருப்பது நல்லது. அசையாமல் நிற்கும் தலைக்கவச உருவத்தைவிடப் பேசும் மனிதரைக் குதிரை குறைவாகவே அஞ்சுகிறது.

ஒருமுறை டாலஸ் நகரத்திலிருந்து ஓர் இளைய நண்பர் வந்திருந்தார். நன்றாக ஓட்டக்கூடியவர், என்னைவிட வயதில் மிகவும் குறைந்தவர். சலைடாவில் தங்கிவிட்டுத்தான் வந்தோம். முகட்டின் மீது நாலைந்து மைல் போயிருப்போம். வழக்கமாக ஓயாமல் பேசிக்கொண்டு வருபவர் அமைதியாகிவிட்டதைக் கவனித்து நிறுத்தினேன். "ஒண்ணுமில்லண்ணா, தலை கொஞ்சம் பாரமா இருக்கு, அவ்வளவுதான்" என்றார். கடலைமிட்டாயை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் அது உயர நோயின் தொடக்கம். கல்லின் மறைவில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் பார்த்தோம், குறையவில்லை. சாவியால் வண்டிப் பையின் பூட்டைத் திறக்கும்போது அவருடைய விரல்கள் தடுமாறின. அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஃபூசஸ் கிரீக் பாதை பிரியும் இடம் பக்கத்திலேயே இருந்ததால் அதில் இறங்கினோம். அதன் தொடக்கம் செங்குத்தாகவும் சரளைக் கற்களாகவும் இருக்கும். அந்தப் பகுதியை வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து முடித்தோம். காட்டுக்குள் நுழைந்து ஓடையோடு சேர்ந்து இறங்க இறங்க அவருடைய பேச்சு திரும்பி வந்தது. நெடுஞ்சாலை 50-ஐ அடைவதற்கு முன்பே பசிக்கிறது என்றார். உயர நோய்க்கு இறக்கத்தைவிட நல்ல மருந்து இல்லை. தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு தொடர்ந்து மேலே இருப்பது நோயை மறைக்குமே தவிர நிறுத்தாது.

விட்டு இறங்கும் வழிகளை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பதன் பயனை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். ஃபூசஸ் கிரீக்கும் அதற்குத் தெற்கே உள்ள கிரீன்ஸ் கிரீக்கும் கிழக்கே இறங்குகின்றன. இரண்டுமே கார் நிற்கும் பக்கத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அகேட் கிரீக் மேற்கே இறங்குகிறது. ஓடையைப் பலமுறை கடக்க வேண்டும் என்பதோடு, முடிவில் கணவாயின் மறுபக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அவசரத்தில் எது இறக்கமோ அதில் இறங்கிவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். இடி தலைக்கு மேல் இருந்தால் அதுவும் சரிதான். மற்றபடி பலகையில் பெயரைப் படித்துவிட்டு இறங்குவது மாலையில் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கிரீன்ஸ் கிரீக் பிரியும் இடத்துக்கு அருகில், மூன்று பக்கம் மட்டும் சுவருள்ள ஒரு மரக்குடில் இருக்கிறது. ஓர் ஆகஸ்ட் மாதம், மேற்கே கறுத்துக்கொண்டிருந்த மேகத்தைப் பார்த்து நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஏற்கெனவே ஐந்தாறு பேர் உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மழைக்கு அது நல்ல இடம், மின்னலுக்கு அல்ல. திறந்த முகப்புள்ள குடிலில் மின்சாரம் தரை வழியாகவோ சுவர் வழியாகவோ மனிதர் மீது தாவ முடியும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பார்த்தேன்; பத்து வரவில்லை. ஒலி ஒரு மைலைக் கடக்க ஏறத்தாழ ஐந்து நொடி ஆகும் என்பதால், இரண்டு மைலுக்குள் வந்துவிட்டது என்று அதற்குப் பொருள். நாங்கள் கிழக்குப் பக்கம் காட்டுக்குள் இறங்கி, ஏறத்தாழ ஒரே உயரத்தில் அடர்ந்திருந்த இளமரங்களுக்கு நடுவே, ஒருவருக்கொருவர் நல்ல இடைவெளி விட்டு, சைக்கிள்களைத் தள்ளிக் கிடத்திவிட்டு, பையின் மீது குந்தி உட்கார்ந்தோம். மழை வரவில்லை, சவ்வரிசி போன்ற வெண்ணிறப் பனிமணிகள் கொட்டித் தலைக்கவசத்தின் துளைகளுக்குள் நிரம்பின. கையுறை நனைந்து விரல்கள் மரத்துப்போனால் பிரேக்கைப் பிடிக்கவே முடியாது என்பதால், கையுறையைக் கழற்றி வயிற்றோடு ஒட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டது அன்று பெரிய உதவியாக இருந்தது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே முகட்டுக்குத் திரும்பினோம். அதற்குள் குடிலில் இருந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

10,842 அடி உயரத்தில் இருக்கும் மார்ஷல் கணவாய் காட்சியில் சாதாரணமானது. ஒரு மண்சாலை குறுக்கே போகிறது, அவ்வளவுதான். 1873-இல் இராணுவ அளவைக் குழுவைச் சேர்ந்த வில்லியம் மார்ஷல் என்ற அதிகாரி, பல்வலி தாங்காமல் டென்வருக்குக் குறுக்குவழி தேடியபோது இதைக் கண்டார் என்று சொல்வார்கள். 1881-இல் டென்வர் அண்டு ரியோ கிராண்டு நிறுவனத்தின் குறுகிய ரயில் பாதை இதன் வழியே சென்றது. 1950-களில் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள், அந்த மண்சாலை அதன் தடத்தில்தான் ஓடுகிறது. மேலே நிற்கும் ஊரே (Ouray) சிகரம் யூட் பழங்குடியின் தலைவர் பெயரைத் தாங்கியது. பக்கத்துச் சிகரங்களான சிபேட்டாவும் பாலோனும் அவருடைய மனைவி, மகன் பெயர்கள். ரயில் வந்த அதே 1881-இல்தான் ஊரேயின் மக்களைக் கொலராடோவிலிருந்து யூட்டாவுக்கு அப்புறப்படுத்தினார்கள். நிலத்தைப் பறித்துக்கொண்டு மலைக்குப் பெயர் வைக்கும் வழக்கத்தை, இங்கே உட்கார்ந்து தின்பண்டம் தின்னும்போது நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

பயணத்தின் உண்மையான முடிவெடுக்கும் இடமும் இதுதான். ரயில் பாதையாக இருந்ததால் அந்த மண்சாலை மிக மென்மையாகச் சரிந்து நெடுஞ்சாலை 285-க்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். களைத்தவர், வண்டி பழுதானவர், வானத்தைக் கண்டு அஞ்சுபவர் யாரும் இதில் இறங்கிவிடலாம். தொடர்வதா இறங்குவதா என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனைகள் மூன்று. மணி ஒன்றைத் தாண்டியிருக்கக் கூடாது, தண்ணீர் ஒரு லிட்டருக்குமேல் மிச்சம் இருக்க வேண்டும், கைப்பிடியை இறுக்கிப் பிடித்து விடும்போது முன்கை வலிக்கக் கூடாது. மூன்றாவது சோதனையைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. சில்வர் கிரீக்கைப் பார்க்காதவர்கள் அவர்கள்.

மார்ஷல் கணவாயிலிருந்து மறுபடியும் ஏறி, மரங்களும் புல்வெளிகளும் மாறி மாறி வரும் சில மைல்களைக் கடந்த பிறகு சில்வர் கிரீக் பாதை இடப்பக்கம் பிரிகிறது. தொடக்கத்திலேயே சரிவு கடுமையாகிறது. பாதையில் தலையளவு உருண்டைக் கற்கள் மண்ணில் பதியாமல் கிடக்கின்றன, சில இடங்களில் மலைச்சரிவிலிருந்து உருண்டு வந்த உடைகற்களின் மீதே பாதை போகிறது. இங்கே விழுகிறவர்களில் பெரும்பாலோர் வேகத்தால் விழுவதில்லை, வேகக் குறைவால் விழுகிறார்கள். அஞ்சி முன்சக்கரத்தை நிறுத்துமளவுக்கு பிரேக் பிடித்தால் சக்கரம் கல்லுக்கு முன்னால் நின்றுவிடும், ஓட்டுபவர் நிற்பதில்லை. சீட்டை முழுவதும் இறக்கி, பெடல்களை மட்டமாக வைத்து நின்று, குதிகாலைத் தாழ்த்தி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுவதற்குப் பதிலாக முழங்கையையும் முழங்காலையும் மடக்கி உடலைத் தாழ்த்த வேண்டும். ஒரு விரலால் மட்டும் பிரேக் பிடித்து மற்ற மூன்று விரல்களைக் கைப்பிடிக்கு விட்டுவைக்க வேண்டும். மண் உறுதியாகத் தெரியும் இடங்களில் பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கற்குவியல் வரும் இடத்தில் விட்டுவிட்டு உருண்டு கடக்க வேண்டும். தொடர்ந்து இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் கட்டைகள் சூடேறி வழுவழுப்பாகும், பிடிமானம் குறையும், அதை ஈடுகட்ட இன்னும் இறுக்கிப் பிடிப்போம், கை அதைவிட விரைவாகச் சோர்ந்துபோகும். மெல்லிய புகைவாடையும் கீச்சென்ற ஒலியும் வந்தால் நின்றுவிட வேண்டும். எப்படியும் இங்கே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று கைகளை உதறுவதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. பிரேக் கட்டைகள் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடான ரோட்டரைத் தொட்டுப் பார்க்கக் கூடாது, தோல் ஒட்டிக்கொள்ளும்.

உடன் வந்த ஒருவருடைய பின்டயரின் பக்கச்சுவரை இங்கே ஒரு கூர்க்கல் கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் கிழித்துவிட்டது. சிறு ஓட்டைகளை அடைப்பதற்காக டயருக்குள் ஊற்றியிருந்த வெண்பால் முழுவதும் பீய்ச்சி வெளியேறியது. திரியால் அடைக்கக்கூடிய ஓட்டை அல்ல. டயரைக் கழற்றி, கிழிசலின் உட்புறம் ஒரு டாலர் நோட்டை நான்காக மடித்து வைத்து, அதன் மீது டியூபைப் போட்டு மெதுவாகக் காற்றடித்தோம். அந்த நாட்டுப் பண நோட்டு பருத்தியும் லினனும் கலந்த இழைகளால் ஆனது என்பதால் எளிதில் கிழிவதில்லை. டியூப் கிழிசல் வழியே பிதுங்காமல் அது தாங்கியது, மீதமிருந்த அத்தனை மைல்களுக்கும். டயர் கழற்றும்போது உள்ளே குத்தியிருந்த முட்களையும் கற்துணுக்குகளையும் விரலால் தடவித் தேடி எடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் கையில் இருக்கும் ஒரே டியூபும் ஓட்டையாகும்.

சில்வர் கிரீக் முடிந்து கொஞ்ச தூரம் மண்சாலையில் உருண்ட பிறகு ரெயின்போ பாதை தொடங்குகிறது. உயரம் 10,000 அடிக்குக் கீழே வந்துவிட்டதால் மூச்சு தாராளமாகிறது, ஆஸ்பென் காட்டின் நிழலும் இருக்கிறது. ஆயினும் நாளின் மிகச் சலிப்பூட்டும் ஏற்றங்கள் இங்கேதான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் குட்டையானது, ஒவ்வொன்றும் செங்குத்தானது, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னொன்று வரும். காலையில் முகட்டில் வேகம் காட்டியவர்கள் இங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதைப் பார்க்கலாம். இந்தப் பாதையில் மோட்டார் சைக்கிள்களுக்கும் அனுமதி உண்டு. குருட்டு வளைவுகளில் வேகத்தைக் குறைத்து, காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும். காதில் பாட்டுக் கருவியோடு இதை ஓட்டுபவர்களின் துணிச்சலை நான் மெச்சுவதில்லை. கடைசித் துண்டு மலையின் விளிம்பை ஒட்டி வேகமாக இறங்குகிறது, நெடுஞ்சாலை கீழே தெரியத் தொடங்கும். களைப்பும் உற்சாகமும் சேர்ந்திருக்கும் அந்த நேரத்தில் பள்ளத்தின் பக்கம் நழுவுவது எளிது.

நெடுஞ்சாலை 285-இல் பொன்ச்சா ஸ்பிரிங்ஸ் வரை சில மைல் தார்ச்சாலை இறக்கம். பாரலாரிகள் பக்கத்தில் பறக்கும். அவை கிளப்பும் காற்று அகலமான கைப்பிடியுள்ள மலைச் சைக்கிளை உலுக்கும். ஒருவர் பின் ஒருவராகச் சாலை ஓரக் கோட்டுக்கு வெளியே ஓட்டுவதும், பின்விளக்கு ஒன்றை எரியவிடுவதும் அவசியம். புறப்படும் முன் பிரேக்குகளை ஆறவிட்டு, டயர்களை ஒருமுறை அமுக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒற்றையடிப் பாதையில் மெதுவாகக் கசியும் டயர் ஒரு தொந்தரவு மட்டுமே, நாற்பது மைல் வேகத்தில் அது வேறு விஷயம்.

வீடு திரும்பிய பிறகு வண்டியைக் கழுவும்போது செய்ய வேண்டியவையும் உண்டு. மோனார்க் முகட்டுத் தூசி மாவைப் போல நுண்ணியது, எல்லா மூட்டுகளுக்குள்ளும் புகுந்துவிடும். அதிர்வுதாங்கியின் பளபளக்கும் தண்டுகளை மெல்லிய துணியால் துடைத்துவிட வேண்டும், உயரழுத்தத் தண்ணீரை அங்கே பீய்ச்சக் கூடாது. சக்கரத்தைச் சுழற்றி ரோட்டர் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஸ்போக்குகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்தித் தளர்ந்தவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். பிரேக் கட்டைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், சில்வர் கிரீக்கில் கை எப்படி நடந்துகொண்டது என்பது தெரிந்துவிடும். உராயும் பகுதி கண்ணாடி போல் மின்னினால் உப்புத்தாளில் தேய்த்து மீண்டும் பயன்படுத்தலாம். ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தால் அடுத்த பயணத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.